திருநெல்வேலிச் சாலைக்கு ஒரு பழைய போலோ: எந்த இன்ஜினை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். திருநெல்வேலி, தென்காசி பக்கம் செகண்ட்ஸில் ஃபோக்ஸ்வேகன் போலோ தேடுகிறவர்கள் 2014-க்குப் பிறகு வந்த 1.5 டீசல் மேனுவலை எடுக்கலாம். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் 2020-க்குப் பிறகு வந்த 1.0 டிஎஸ்ஐ, அதாவது டர்போ பெட்ரோல், மேனுவல். டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு 1.2 பெட்ரோல் போதும். 7 கியர் டிஎஸ்ஜி எனும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் போட்ட ஜிடி (வேக ரகம்) வண்டியை, முழு சர்வீஸ் ரெக்கார்டு இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

"போலோவா? ஓட்ட நல்லாருக்கும், ஸ்பேர்ஸ் வெலைதான் ஒத்துவராது அண்ணாச்சி." வண்ணாரப்பேட்டையில் இருந்து வள்ளியூர் வரை எந்த புரோக்கரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியும் உண்மைதான், ஆனால் எந்த ஸ்பேர், எப்போது போகும், ஏன் போகும் என்று பிரித்துப் பார்க்காமல் சொல்லப்படுகிற உண்மை. அப்படிப் பிரித்துப் பார்க்காததால்தான் நல்ல வண்டியும் மோசமான வண்டியும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கைமாறுகின்றன. விவரம் தெரிந்தவருக்கு லாபம் அதில்தான்.

உழைக்கும், ஆனால் செலவு வைக்கும் என்ற இந்தப் பெயர் ஃபோக்ஸ்வேகனுக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகப் பார்க்க வேண்டும். நிறுவனம் 1937-ல் ஹிட்லர் அரசின் திட்டமாகத் தொடங்கியது. வண்டியை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. 1938-ல் ஆலைக்கு அடிக்கல் போட்டார்கள். பணம் கட்டிக் காத்திருந்த மக்கள் கைக்குக் கார் போவதற்குள் போர் வந்துவிட்டது. ஆலை ராணுவ வண்டிகள் செய்தது, பிடித்து வரப்பட்டவர்களிடம் கட்டாய வேலை வாங்கியது. ஜெர்மன் தரம் என்று பெருமை பேசும்போது இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டுப் பேசுவது சரியல்ல. போர் முடிந்ததும் குண்டு விழுந்து கிடந்த ஆலையை மறுபடி ஓடவைத்தவர் பிரிட்டிஷ் ராணுவ மேஜர் ஐவன் ஹர்ஸ்ட். அங்கிருந்து கிளம்பிய பீட்டில், அதாவது போர்ஷே வடிவமைத்த அந்த வண்டி, 2003 ஜூலையில் மெக்சிகோவில் கடைசி வண்டி இறங்கும்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல் தயாரானது. இன்ஜின் பின்பக்கம், குளிர்ச்சிக்குக் காற்று, ரேடியேட்டரே கிடையாது. சாதாரண மெக்கானிக் பிரித்துச் சேர்க்கக்கூடிய வண்டி. "உழைக்கும் வண்டி" என்ற பெயரை ஃபோக்ஸ்வேகனுக்கு வாங்கிக் கொடுத்தது அதுதான். 1974-ல் கோல்ஃபும் 1975-ல் போலோவும் வந்தபோது இன்ஜின் முன்னால் வந்தது, தண்ணீரில் குளிர்ந்தது. வண்டி நுணுக்கமாகியது, எளிமை குறைந்தது. நம் ஊருக்கு வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது வகை.

புனே அருகே சாக்கன் ஆலை 2009-ல் திறந்தது. 2010 தொடக்கத்தில் போலோ விற்பனைக்கு வந்தது. அந்த ஐந்தாம் தலைமுறை போலோ 2010-ன் ஐரோப்பியக் கார், உலகக் கார் என்ற இரண்டு விருதுகளையும் வாங்கிய வண்டி. உலகம் 2017-ல் அடுத்த தலைமுறைக்குப் போய்விட்டாலும் இந்தியாவில் அதே உடம்பு 2022 வரை ஓடியது. புதிதாக வாங்கியவர்களுக்கு அது குறை. பழையது வாங்குகிறவருக்கு அது வரம்: பன்னிரண்டு வருடம் ஒரே உடம்பு, அதே குழுமத்தின் செடான்களான வென்டோவும் ஸ்கோடா ராப்பிடும் பல சாமான்களைப் பகிர்ந்துகொண்டவை, ஆகவே கண்ணாடி, லோயர் ஆர்ம், பிரேக் பேட் எதுவும் கிடைக்காமல் போகாது.

சாலையில் இந்த வண்டியின் அருமை தெரிவது பணகுடியைத் தாண்டி காவல்கிணறு, ஆரல்வாய்மொழி நோக்கிப் போகும்போது. ஆனி, ஆடியில் காற்றாலைகளுக்கு நடுவே அடிக்கிற பக்கவாட்டுக் காற்றில் எடை குறைந்த சின்னக் கார்களை ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டும். போலோ 100-ல் போனாலும் பாதையை விடாது. சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கம், அதனால் டவுன் பள்ளத்தில் தூக்கிப்போடும், நான்குவழிச் சாலையில் அதே இறுக்கம் நம்பிக்கை தரும். பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் தென்காசி வரை உட்கார்ந்து போவது சிரமம், டிக்கி 280 லிட்டர்தான். குடும்பம் பெரிது என்றால் அதே இன்ஜின்கள் போட்ட வென்டோவைப் பாருங்கள். வீல்பேஸ் நீளம், பின்னால் கால் நீட்டலாம், டேங்க்கும் 55 லிட்டர்.

இனி இன்ஜின்கள். 2010-ல் வந்த 1.2 பெட்ரோல் மூன்று சிலிண்டர், 75 குதிரைத்திறன். பாடி கனம், இன்ஜின் சின்னது. ஏசி போட்டுக்கொண்டு நாலு பேரோடு மேம்பாலம் ஏறினால் இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டும். ஆனால் பாளையங்கோட்டையில் இருந்து ஜங்ஷன், டவுன், பேட்டை என்று சுற்றுகிறவருக்கு இதுவே மிகக் குறைந்த செலவு: டர்போ இல்லை, சிக்கலான இன்ஜெக்டர் இல்லை. இதில் பார்க்க வேண்டியது, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது சில நொடிகள் கரகரவென்று சங்கிலிச் சத்தம் வந்தால் செயினும் அதை இறுக்கிவைக்கும் டென்ஷனரும் தளர்ந்துவிட்டன என்று அர்த்தம். அதனால்தான் பார்க்கப் போகிற அன்று "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அந்த வண்டியில் உங்களிடம் கேட்கவிடாத சத்தம் ஏதோ இருக்கிறது.

டீசலில் மூன்று உண்டு. முதலில் வந்த 1.2 டிடிஐ (டிடிஐ என்றால் டர்போ டீசல்), மூன்று சிலிண்டர், 75 குதிரைத்திறன், 180 நியூட்டன் மீட்டர் இழுவிசை. மைலேஜ் தரும், அதிர்வும் தரும். 1.6 டிடிஐ 105 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். வென்டோவிலும் பழைய ஜிடி டிடிஐயிலும் வந்தது இதுதான். 2014-ல் வந்த 1.5 டிடிஐ நாலு சிலிண்டர், சாதாரண போலோவில் 90 குதிரைத்திறன், ஜிடியில் 105. இந்த வட்டாரத்துக்குப் பொருந்துவது இதுவே. மதுரை, நாகர்கோவில் என்று வாரம் தவறாமல் ஓடுகிறவருக்கு ஐந்தாம் கியரில் இன்ஜின் அலட்டாமல் இழுக்கும். நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்குக் கீழே டர்போ தூங்கும், அதைப் பழகிக்கொள்ள வேண்டும். பாபநாசத்தில் இருந்து காரையாறு ஏறும்போது வளைவில் மூன்றாம் கியரில் விட்டு மிதித்தால் வண்டி யோசிக்கும், இரண்டில் போட்டால் பாயும்.

இந்த மூன்று டீசலுக்கும் உயிர்நாடி டைமிங் பெல்ட். அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து ஹெட்டே போய்விடும், அதற்கு ஆகும் செலவு வண்டியின் விலையில் பெரிய பங்கைத் தின்றுவிடும். சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் வரும்வரை காத்திருக்காமல், பழைய வண்டியில் பெல்ட் மாற்றிய பில் இல்லை என்றால் வாங்கிய வாரமே மாற்றுங்கள். மாற்றும்போது பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் மூன்றும் சேர்ந்த செட்டாகப் போட வேண்டும். வாட்டர் பம்பை ஓட்டுவதும் அதே பெல்ட்தான். பெல்ட்டை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடித்தால், ஆறு மாதத்தில் பம்ப் கசிந்து அதே கூலியை இரண்டாம் முறை கொடுக்க நேரும்.

டீசலின் இன்னொரு தொல்லை, புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வில் கரி அடைவது. மகாராஜநகரில் இருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து மார்க்கெட் என்று மூன்று நாலு கிலோமீட்டர் மட்டும் ஓடும் டீசல் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கே வராது, புகைக்கரி படியும், பிக்கப் குறையும், மஞ்சள் விளக்கு எரியும். மாதம் ஓரிரு முறையாவது கங்கைகொண்டான் வரை போய், நாலாம் கியரில் 2,500 சுற்றுக்கு மேல் வைத்து ஓட்டிவிட்டு வந்தால் பாதிப் பிரச்சினை வராது. அப்படி ஓட்ட வாய்ப்பே இல்லாதவர் டீசல் வாங்கக் கூடாது. பெட்ரோலே போதும்.

2015 செப்டம்பரில் வெளியான மோசடி இந்த டீசல் குடும்பத்தைப் பற்றியதுதான். ஆய்வுக்கூடத்தில் சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை நிறுவனம் இன்ஜினில் வைத்திருந்தது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். தலைமை அதிகாரி மார்ட்டின் வின்டர்கார்ன் ஒரு வாரத்துக்குள் பதவி விலகினார். இந்தியாவிலும் அந்த இஏ189 வகை இன்ஜின் போட்ட 3.23 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், போலோ, வென்டோ டீசல்கள் உட்பட. வாங்கியவரை மட்டுமல்ல, மூச்சு விடுகிற எல்லோரையும் ஏமாற்றிய காரியம் அது, மன்னிக்கத் தக்கதல்ல. பழைய வண்டி வாங்குகிறவர் செய்ய வேண்டியது ஒன்று: 2015 வரை தயாரான டீசல் என்றால், சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். அதே எண்ணில் பழைய சர்வீஸ் தேதிகளும் கிலோமீட்டரும் வெளிவரும். மீட்டரைத் திருப்பியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

1.0 டிஎஸ்ஐ 2020-ல் பிஎஸ்6 புகை விதியை ஒட்டி வந்தது. மூன்று சிலிண்டர்தான், ஆனால் டர்போவால் 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர். டீசல் அதோடு நின்றுபோனது. இதில் ஆட்டோமேட்டிக் வேண்டுமானாலும் பயமில்லை, டிஎஸ்ஜி அல்ல, எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர். மீட்டரில் இபிசி எனும் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து இழுவை திடீரென்று குறைந்தால் முதலில் எரிபொருள் பம்பையும் பிறகு த்ராட்டில் பாடியையும் சோதிக்கச் சொல்லுங்கள், எடுத்த எடுப்பில் டர்போ போய்விட்டது என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

டிஎஸ்ஜியை ஏன் இவ்வளவு எச்சரிக்கிறோம் என்றால், ஜிடி டிஎஸ்ஐயில் வந்த டிகியூ200 கியர்பாக்ஸில் இருப்பவை இரண்டு உலர் கிளட்ச்கள். குளிர்விக்க எண்ணெய்க் குளியல் கிடையாது. சித்திரை வெயிலில், திருவிழாக் கூட்டத்தில், டவுன் ரதவீதியில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் பாதி பிடித்தபடியே தேய்ந்து சூடாகும். முதலில் இரண்டாம் கியரில் உதறும், பிறகு மெக்கட்ரானிக்ஸ் எனப்படும் கட்டுப்பாட்டு அமைப்பு அழுத்தம் இழக்கும், மீட்டரில் கியர் எழுத்துகள் மின்னும், வண்டி நடுத்தெருவில் நின்றுவிடும். அதை மாற்றும் செலவுதான் "ஜெர்மன் வண்டி வேண்டாம்" என்ற பேச்சின் வேர். சோதிக்க நல்ல இடம் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம். கூட்டம் இல்லாத நேரத்தில், அதற்கு முன் இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடேற்றிவிட்டு, ஏற்றத்தில் மெதுவாக ஏறுங்கள். உதறல், தடுமாற்றம், டொக் என்ற அடி எது வந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏற்கெனவே டிஎஸ்ஜி வைத்திருப்பவர்கள் நெரிசலில் பிரேக்கை லேசாக விட்டு விட்டு நகர்த்தாமல், முழுதாக மிதித்து நின்று, முன்னால் ஒரு வண்டி அளவு இடம் விழுந்ததும் விட்டு நகர்ந்தால் கிளட்ச் ஆயுள் கூடும்.

இந்த வட்டாரத்தில் 2024-க்குப் பிறகு பழைய கார் வாங்குகிற எவரும் தவறாமல் பார்க்க வேண்டியது வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி ஏறி ஜங்ஷன், வண்ணாரப்பேட்டையில் இருந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை வண்டிகள் தண்ணீரில் நின்றன. முங்கின வண்டியைக் கழுவி, சீட் துணி மாற்றி, பாலிஷ் போட்டால் பார்வைக்குத் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், சுருளின் அடிப்பகுதியில் வண்டல் கோடு இருக்கும். முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி தண்டவாளத்தின் போல்ட்டைப் பாருங்கள், வண்டி ஐந்து வருடம்தான் ஆகியிருந்தும் அங்கே செந்துரு பிடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்டெப்னியைத் தூக்கி அடிக்குழியைத் தடவிப் பாருங்கள். போலோவில் தரைவிரிப்புக்கு அடியில் தடித்த ஃபோம் உண்டு, அது தண்ணீரைக் குடித்தால் மாதக்கணக்கில் காயாது. கதவோர பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி விரலை உள்ளே விட்டால் ஈரமும் நாற்றமும் கையோடு வரும். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி நடுக் கன்சோலுக்கு அடியில், தரையை ஒட்டி இருக்கிறது. முழங்கால் அளவுத் தண்ணீரே அதற்குப் போதும். கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தால் இன்றைக்கு எல்லாம் வேலை செய்தாலும் அடுத்த மழைக்குள் ஒவ்வொன்றாகக் கைவிடும். இன்சூரன்ஸ் நிறுவனத்தில் அந்த ஆண்டுக்கான கிளெய்ம் விவரம் கேட்பதும் நல்லது. உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர் வண்டி என்றால் அடிப்பாகத்தை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள்: பாடித் தகட்டில் துத்தநாகப் பூச்சு இருப்பதால் அது தாங்கும், பிரேக் பைப், சைலன்சர், சஸ்பென்ஷன் போல்ட்கள் உப்புக்காற்றில் முதலில் போகும்.

ஏர்பேக்கையும் தனியாகச் சொல்ல வேண்டும். 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத போலோவுக்கு நட்சத்திரமே கிடைக்கவில்லை, இரண்டு ஏர்பேக் உள்ளதற்கு நாலு நட்சத்திரம். அதற்குப் பிறகுதான் எல்லா போலோவிலும் இரண்டு ஏர்பேக் கட்டாயமாக வந்தது. எனவே 2014-க்கு முந்தைய கீழ்நிலை மாடலைக் குறைந்த விலைக்குச் சொன்னால் ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு குறைத்தாலும் குடும்பத்துக்கு அந்த வண்டி வேண்டாம்.

தேய்மானத்தில் முதலில் வருவது முன்பக்க லிங்க் ராடும் லோயர் ஆர்ம் புஷ்ஷும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்னால் கொடகொடவென்று கேட்பது பெரும்பாலும் லிங்க் ராட், அது சின்னச் செலவு. பிரேக் அடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் புஷ். அடுத்தது கதவுப் பூட்டுக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்ச். கதவைத் திறந்தாலும் உள்விளக்கு எரியாது, ரிமோட் அடித்தால் ஒரு கதவு மட்டும் பூட்டாது. புதுப் பூட்டுத் தொகுதிதான் வேண்டும் என்பார்கள், பழக்கமுள்ள எலக்ட்ரீஷியன் பூட்டைப் பிரித்து சுவிட்சை மட்டும் மாற்றித் தருவார். டீசலில் கிளட்ச் மாற்றும்போது ஃப்ளைவீலையும் பார்த்துவிட்டே கணக்கு கேளுங்கள், அது இரட்டை எடை வகையாக (டூயல் மாஸ்) இருந்தால் பில் இரட்டிப்பாகும்.

ஸ்பேர்ஸ் விலையைப் பற்றிய புகாரில் பாதி, கம்பெனி டப்பாவில் மட்டுமே வாங்குவதால் வருவது. கிளட்ச் என்றால் லுக், சாக்ஸ், ஃபில்டர் என்றால் மான், மாலே, எலக்ட்ரிக்கல் என்றால் பாஷ் என்று ஜெர்மன் கார்களுக்கே சாமான் செய்யும் நிறுவனங்களின் டப்பாவில் வாங்கலாம். சாமானின் பெயரைச் சொல்லி வாங்கக் கூடாது, பாகத்தின் எண்ணைக் கொடுத்து வாங்க வேண்டும். போலோவுக்கே உரிய எண்கள் பெரும்பாலும் 6ஆர்0 என்று தொடங்கும், பழைய பாகத்தின் மேலேயே அச்சிட்டிருக்கும். மாருதி மாதிரி ஊருக்கு ஊர் சாமான் கிடைக்காது. கோவையிலோ சென்னையிலோ இருந்து பார்சலில் வர ஓரிரண்டு நாள் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு வேலையைத் திட்டமிடுங்கள்.

சர்வீஸ் 15,000 கிலோமீட்டருக்கு அல்லது ஒரு வருடத்துக்கு ஒரு முறை என்பது நிறுவனத்தின் கணக்கு. நம் வெயிலுக்கும் தூசிக்கும் ஆயிலை 10,000-லேயே மாற்றுவது நல்லது. ஆயில் டப்பாவில் பிராண்டைப் பார்க்காதீர்கள், புத்தகத்தில் சொன்ன விடபிள்யூ தர எண் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். கூலன்ட் இளஞ்சிவப்பு அல்லது ஊதா நிறம். அவசரத்துக்குப் பச்சை நிறக் கூலன்டைக் கலந்தால் சேறுபோல் திரிந்து ஹீட்டர் குழாயை அடைக்கும், அதைவிடக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி வொர்க்ஷாப் வரை வருவது மேல். டீசல் ஃபில்டர் 30,000-க்கு ஒரு முறை. ஆடிக் காற்று முடிந்ததும் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தால் திசையன்விளைப் பக்கம் ஓடிய வண்டியில் செம்மண் குவிந்திருக்கும். வீலைப் பிடித்திருப்பது நட்டு அல்ல, போல்ட், ஐந்து. பஞ்சர் கடையில் ஏர்கன் வைத்து முறுக்க விடாதீர்கள், கையால் ஏற்றிவிட்டு 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கச் சொல்லுங்கள். முறுக்கம் மிஞ்சினால் ஹப்பின் மரையே கழன்றுவிடும்.

செங்கோட்டை வழியாகக் கேரள வண்டிகள் நிறைய வருகின்றன. விலை குறைவாகத் தெரியும். அங்குள்ள ஆர்டிஓவின் என்ஓசி எனும் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28 இல்லாமல் இங்கே எண் மாற்ற முடியாது. தமிழ்நாட்டு வரியையும் புதிதாகக் கட்ட வேண்டும். இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். உள்ளூர் வண்டிக்குப் பெயர் மாற்றப் படிவம் 29, 30, கடன் இருந்தால் 35-ம் வங்கியின் கடிதமும். 2010, 2011 வண்டிகள் 15 வருடத்தைத் தாண்டுவதால் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஆர்சியைப் புதுப்பிக்கும் செலவும் பசுமை வரியும் யார் தலையில் என்பதை முன்பணம் கொடுக்கும் முன் தீர்த்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். சாவி இரண்டும் கையில் வந்ததா என்று பாருங்கள். ஒரு சாவிதான் என்றால், சேஸிஸ் எண் கொடுத்துப் புதுச் சாவி வரவழைத்து இம்மொபிலைசர் எனும் திருட்டுத் தடுப்புப் பூட்டில் பதிவு செய்ய ஆகும் தொகையை விலையில் இருந்து கழித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.